கிபியாவின் வாசற்படியில் ஒரு கை

பெண்கள் வேதபாடக் குழுவில் நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகாரம் வாசிக்கும் முறை வந்தது, வாசித்து முடித்தபின் யாருமே வாய் திறக்கவில்லை, அன்று இரவு உங்களுக்குத் தூக்கமும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள் சகோதரி. "இதில் மீட்பு எங்கே இருக்கிறது? இதை ஏன் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்? அடுத்த முறை இந்த அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடலாமா?" என்றும் கேட்டிருந்தீர்கள்.

நேராகவே சொல்கிறேன். அந்த அதிகாரத்துக்குள் மீட்பு இல்லை. இருப்பதுபோலக் காட்ட யாராவது முயன்றால் நம்பாதீர்கள். பல வருஷம் பழைய ஏற்பாட்டை வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் வந்தவன் நான். இந்தக் கதைக்கு ஒரு நல்ல முடிவு ஒட்டவைத்த பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் இன்னொரு முறை வெளியே தள்ளப்பட்டது போலத்தான் எனக்கு இருந்தது. ஆனால் வேதம் அந்த அதிகாரத்தோடு முடிந்துவிடவில்லை. பின்னால் வருகிறவர்கள் அவளை மறக்கவில்லை. மீட்பைத் தேட வேண்டிய இடம் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

முதலில் கதையை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலருக்கு அது 'ஏதோ பயங்கரமான கதை' என்று மட்டுமே ஞாபகம் இருக்கிறது. எப்பிராயீம் மலைதேசத்தில் ஒரு லேவியன், தேவ ஊழியத்துக்கென்று ஒதுக்கப்பட்ட லேவி கோத்திரத்தான். அவனுக்குப் பெத்லகேம் ஊர்க்காரி ஒருத்தி மறுமனையாட்டி, அதாவது முழு மனைவிக்குரிய உரிமை இல்லாத மனைவி. அவள் அவனை விட்டுத் தகப்பன் வீட்டுக்குப் போய் நாலு மாதம் இருக்கிறாள். ஏன் போனாள் என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. எபிரேய மூலம் அவள் சோரம் போனாள் என்று படிக்கும்படி இருக்கிறது, நம் பழைய மொழிபெயர்ப்பும் அதையொட்டியே போகிறது. ஆனால் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் ஒரு முக்கியமான பிரதியில் அவள் அவன்மேல் கோபங்கொண்டு போனாள் என்றுதான் இருக்கிறது. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. விபசாரம் என்றால் சட்டப்படி மரணதண்டனை. அப்படிப்பட்டவளைச் சமாதானப்படுத்தி அழைத்துவர நாலு மாதம் கழித்து ஒருவன் இரண்டு கழுதைகளோடு மாமனார் வீட்டுக்குப் போவானா? கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன பெண் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

யூத ரபிகளும் இதைக் கவனித்திருக்கிறார்கள். அவர்களுடைய விவாதங்களின் தொகுப்பான பாபிலோனிய தால்மூதில் கித்தீன் என்ற பகுதியில் இதைப் பற்றி ஒரு விவாதம் வருகிறது. அவன் அவள்மேல் என்ன குற்றம் கண்டான்? சாப்பாட்டில் ஈ கிடந்ததைக் கண்டான் என்கிறார் ஒருவர், முடி கண்டான் என்கிறார் இன்னொருவர். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக ரபி ஹிஸ்தா சொல்வதுதான் முக்கியம்: ஒருவன் தன் வீட்டார்மேல் அளவுக்கு மிஞ்சிய பயத்தைப் போடக்கூடாது, கிபியாவின் மறுமனையாட்டிமேல் (கிபியா என்ற ஊரில் அவளுக்கு நேர்ந்ததை வைத்து இவளை இப்படித்தான் அழைப்பார்கள்) அவள் புருஷன் அப்படிப் பயத்தைப் போட்டதால்தான் இஸ்ரவேலில் பல்லாயிரம் பேர் விழுந்தார்கள். பழியை அவர் அவள்மேல் போடவில்லை, ஆளை அடக்கி வைத்த புருஷன்மேல் போட்டார். இத்தனை நூற்றாண்டு கழித்தும் "அவள் வீட்டை விட்டுப் போனதால்தானே வினை" என்று சொல்லும் போதகர்களைக் கேட்கும்போது ஹிஸ்தாவைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அவன் போனது "அவள் இருதயத்தோடு பேச" என்கிறது எபிரேயம். இந்தச் சொற்றொடரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போன இடத்தில் மாமனாரும் மருமகனும் நாலு நாள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள், "இன்னும் ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போ" என்கிறார் மாமனார். அவளோடு அவன் ஒரு வார்த்தை பேசியதாக எழுதியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் புறப்படுகிறார்கள். வழியில் எபூஸ், பிற்பாடு எருசலேம் ஆன ஊர். வேலைக்காரன் அங்கே தங்கலாம் என்கிறான். அந்நியர் ஊர் வேண்டாம், நம் ஜனத்தின் ஊரிலேயே தங்குவோம் என்று கிபியாவுக்குப் போகிறான் லேவியன். பென்யமீன் கோத்திரத்து ஊர், சொந்த ஜனம். தெருவில் உட்கார்ந்திருந்தவர்களை வீட்டுக்குள் சேர்க்க ஆளில்லை, கடைசியில் எப்பிராயீமிலிருந்து வந்து குடியிருந்த ஒரு கிழவர்தான் கூட்டிப்போகிறார். அப்புறம் ஊரார் வீட்டைச் சூழ்ந்துகொண்டு, அந்த மனுஷனை வெளியே கொண்டுவா என்கிறார்கள்.

சோதோம் கதையை வாசித்தவர்களுக்கு இது அப்படியே தெரிந்த காட்சி. ஆதியாகமம் 19-இல் லோத்தையும் அவன் மனைவியையும் இரண்டு மகள்களையும் தேவதூதர்கள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக் காப்பாற்றுகிறார்கள். இங்கே தூதர்கள் யாரும் வரவில்லை. இங்கேயும் ஒரு கை நீண்டு பிடிக்கிறது, எபிரேயத்தில் அதே வினைச்சொல்தான், ஆனால் அது அவளைப் பிடித்து வெளியே தள்ளும் கை. யாரோடு பேச அவன் அவ்வளவு தூரம் போனானோ அவளைத்தான் தள்ளுகிறான்.

ராத்திரி முழுவதும் அந்த ஊரார் அவளைச் சீரழிக்கிறார்கள். விடிகிறது. அவள் எப்படியோ வந்து அந்த வீட்டு வாசலில் விழுகிறாள். ஒருமுறை வகுப்பில் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா திடீரென்று கேட்டார்: "ஐயா, காலையில அவன் கதவைத் திறந்தான்னு இருக்கே, அப்ப ராத்திரி முழுக்கச் சாத்தியா வச்சிருந்தாங்க?" நான் அத்தனை வருஷம் வாசித்தும் கண்ணில் படாத விஷயம் அது. ஆமாம், சாத்தித்தான் இருந்தது. 27-ஆம் வசனத்தில் அவன் எழுந்து, கதவுகளைத் திறந்து, தன் வழியே போகப் புறப்படுகிறான். அவளைத் தேடிக்கொண்டு வரவில்லை. பார்த்தால் அவள் அங்கே கிடக்கிறாள், கைகள் வாசற்படியின்மேல். அந்தக் கைகளைச் சொல்லவேண்டிய அவசியமே கதைக்கு இல்லை, விழுந்துகிடந்தாள் என்று சொன்னாலே போதும். எழுதினவர் அதைச் சொல்லாமல் விட மனமில்லாமல் எழுதியிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். உள்ளே வரப் பார்த்த கைகள் அவை.

"எழுந்திரு, போவோம்" என்கிறான். கதை முழுவதிலும் அவன் அவளோடு பேசியதாக இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். பதில் இல்லை. எபிரேய மூலம் அவள் இறந்துவிட்டாள் என்றுகூட அங்கே சொல்வதில்லை. கிரேக்க மொழிபெயர்ப்புத்தான் அதைச் சேர்த்துச் சொல்கிறது. அவளைக் கழுதைமேல் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், கத்தி எடுத்து, 12 துண்டாக்கி நாடெங்கும் அனுப்புகிறான். அந்தக் கத்திக்கு எபிரேயத்தில் வரும் சொல், ஆபிரகாம் ஈசாக்கின்மேல் ஓங்கிய கத்திக்கு வரும் அதே சொல். அங்கே வானத்திலிருந்து ஒரு குரல் கையைத் தடுத்தது. இங்கே தடுக்கக் குரல் இல்லை.

அப்புறம் நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கோத்திரங்கள் கூடுகின்றன, லேவியன் நடந்ததைச் சொல்கிறான், தான்தான் அவளை வெளியே தள்ளினேன் என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறான். உள்நாட்டுப் போர். பென்யமீனில் மிஞ்சியது 600 ஆண்கள். அவர்களுக்குப் பெண் வேண்டும் என்று யாபேஸ் கீலேயாத் என்ற ஊரை அழித்து 400 கன்னிப்பெண்களைப் பிடித்துவருகிறார்கள், போதவில்லை என்று சீலோவில் நடனமாட வந்த பெண்களைத் தூக்கிப்போகச் சொல்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு நியாயம் கேட்டுப் புறப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அதையே செய்து முடிக்கிறார்கள். கடைசி வரி: அந்நாட்களில் இஸ்ரவேலிலே ராஜா இல்லை, அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்.

இந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். காலேபின் மகள் அக்சாள் கழுதையைவிட்டு இறங்குகிறாள், "உனக்கு என்ன வேண்டும்" என்று தகப்பன் கேட்கிறார், நீரூற்றுகளும் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டு வாங்கிக்கொள்கிறாள். தொடக்கத்தில் கழுதையிலிருந்து இறங்கிப் பேசின ஒரு பெண், முடிவில் கழுதைமேல் போடப்பட்ட, பதில் சொல்லாத ஒரு பெண். நடுவில், தகப்பன் செய்த பொருத்தனைக்குப் பலியான யெப்தாவின் மகள். ஒரு ஜனம் எவ்வளவு தூரம் சரிந்தது என்பதைப் பெண்களின் நிலையை வைத்தே அளந்து காட்டுகிறது நியாயாதிபதிகள். கதை சொல்கிறவர் இதற்கெல்லாம் சம்மதித்து எழுதவில்லை. 20-ஆம் அதிகாரத்தில் லேவியனை "கொலைசெய்யப்பட்ட பெண்ணின் புருஷன்" என்று குறிப்பிடுகிறார், பத்துக் கட்டளைகளில் 'கொலை செய்யாதிருப்பாயாக' என்பதில் வரும் அதே வினைச்சொல்லைப் போட்டு.

இது இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலைக் குறைத்து, அவனுக்குப் பின் வந்த ராஜா தாவீதை உயர்த்த எழுதின கதை என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. பெத்லகேம் தாவீதின் ஊர், நல்ல விருந்தோம்பல். கிபியா சவுலின் ஊர், கொடுமை. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அதே வேதம் தாவீதின் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடும்போது வீட்டைக் காக்க 10 மறுமனையாட்டிகளை விட்டுப்போகிறான் தாவீது. அவர்களுக்கு நேர்ந்ததும், அதன்பிறகு சாகும்வரை அவர்கள் அடைபட்டுக் கிடந்ததும் 2 சாமுவேலில் மறைக்காமல் எழுதியிருக்கிறது.

சரி, மீட்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழில் இது நல்ல சொல், ஏனென்றால் அடகு வைத்த நகையை 'மீட்கப் போகிறேன்' என்றுதான் நாம் சொல்கிறோம். நகை போனது உண்மை, அடகுக்கடையில் இருந்தது உண்மை, பணம் கட்டித்தான் எடுக்கவேண்டும், கட்டுவதும் வீட்டாள் ஒருவர்தான். எபிரேயத்தின் 'கோயேல்' என்ற சொல்லும் இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது: கைவிட்டுப்போன நிலத்தையோ ஆளையோ செலவு செய்து திரும்பக் கொண்டுவரும் நெருங்கின உறவினர். கிபியாவின் பெண்ணுக்கு அப்படி ஒருவர் இல்லை. அவளுக்காகப் பழிவாங்க 4 லட்சம் பேர் வாள் எடுத்தார்கள், அவளை எடுத்து அடக்கம் செய்ததாக ஒரு வரி இல்லை.

இப்போது நம் தமிழ் வேதாகமத்தில் பக்கத்தைத் திருப்புங்கள். அடுத்த புத்தகம் ரூத். (எபிரேய வரிசையில் ரூத் வேறு இடத்தில் வரும், ஆனால் "நியாயாதிபதிகள் நியாயம் விசாரித்துவரும் நாட்களில்" என்று அதுவே தன் காலத்தைச் சொல்லிவிடுகிறது.) மறுபடி பெத்லகேம். மறுபடி துணையில்லாத ஒரு பெண், அதிலும் மோவாபியப் பெண். ஆண்கள் நிறைந்த வயலில் தனியாகக் கதிர் பொறுக்கப் போகிறாள். கிபியாவை அப்போதுதான் வாசித்துவிட்டு வந்தவருக்கு வயிற்றைப் பிசையும். அந்த வயலின் சொந்தக்காரன் போவாஸ் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று, அவளைத் தொடக்கூடாது என்று வேலையாட்களுக்குக் கட்டளையிடுவது. அதற்கு அவள் சொல்லும் பதிலில், "உம்முடைய அடியாளின் இருதயத்தோடு பேசினீர்" என்கிறாள். எபிரேயத்தில் அதே சொற்றொடர். லேவியன் பேசப் போய்ப் பேசாமல் விட்ட பேச்சை இன்னொருவன், இன்னொரு பெண்ணிடம், ஒரு வயலில் பேசுகிறான். வார்த்தை மட்டும் வைத்து யாரையும் நம்பிவிடக்கூடாது என்பதும் வேதத்துக்குத் தெரியும், ஆதியாகமம் 34-இல் தீனாளைக் கெடுத்த சீகேமும் அவள் இருதயத்தோடு பேசினான் என்றுதான் இருக்கிறது. போவாஸின் பேச்சு வேறானது, ஏனென்றால் அதற்கு முன்னால் அவன் அவளுக்குப் பாதுகாப்பு செய்துவிட்டான்.

அந்தச் சொற்றொடர் அங்கேயும் நிற்கவில்லை. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஓசியா தீர்க்கதரிசி இரண்டு தடவை "கிபியாவின் நாட்கள்" என்று பெயர் சொல்லிக் கண்டிக்கிறார்: அந்நாள் முதற்கொண்டு பாவம் செய்தாய் இஸ்ரவேலே என்று. அதே ஓசியா புத்தகத்தில்தான் கடவுள், இஸ்ரவேலை விட்டுப்போன மனைவியாக உவமித்து, அவளை வனாந்தரத்துக்கு அழைத்துப்போய் "அவள் இருதயத்தோடு பேசுவேன்" என்கிறார். ஏசாயா 40-இல் "எருசலேமுடன் பட்சமாய்ப் பேசி" என்று நாம் வாசிப்பதும் மூலத்தில் இதே சொற்கள்தான். தமிழில் வேறு வேறு சொல்லாகிவிட்டதால் நமக்கு இந்தக் கோர்வை தெரிவதில்லை. ஓசியாவின் உவமையில் எனக்குக் கஷ்டமான வரிகளும் இருக்கின்றன, அதை இன்னொரு நாள் பேசலாம். ஆனாலும் கிபியாவை மறக்காத ஒருவரின் புத்தகத்தில் அந்த வாக்கு வருவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆனால் எனக்கு மிக முக்கியமான இடம் 2 சாமுவேல் 21. திரும்பவும் கிபியா. திரும்பவும் ஒரு மறுமனையாட்டி, சவுலின் ரிஸ்பாள். மூன்று வருஷப் பஞ்சம், சவுல் கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழிதான் காரணம் என்று தெரிகிறது, கிபியோனியர் சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்கிறார்கள், தாவீது கொடுக்கிறான். அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள், அர்மோனியும் மேவிபோசேத்தும். கிபியாவில் ஏழு பேரையும் தூக்கிலிடுகிறார்கள். வாற்கோதுமை அறுப்பின் தொடக்க நாட்கள் அவை. ரூத் பெத்லகேமுக்கு வந்ததும் அதே பருவத்தில்தான்.

தூக்கிலிடப்பட்ட உடலை இரவு முழுவதும் விட்டுவைக்கக்கூடாது என்பது உபாகமம் 21-இல் உள்ள சட்டம். இங்கே விட்டுவிட்டார்கள். ரிஸ்பாள் ஒரு இரட்டுத்துணியை எடுத்துப் பாறையின்மேல் விரித்துக்கொண்டு உட்காருகிறாள். பகலில் பறவைகளை அண்டவிடவில்லை, இரவில் காட்டு மிருகங்களை அண்டவிடவில்லை. வானத்திலிருந்து மழை பெய்யும்வரைக்கும். எத்தனை நாள் என்று வசனம் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தேசத்தில் வாற்கோதுமை அறுப்பு சித்திரை வாக்கில், வழக்கமான முன்மழை வருவது ஐப்பசி வாக்கில். யோசித்துப் பாருங்கள், ஒரு கோடைகாலம் முழுவதும் ஏழு உடல்களுக்குக் கீழே, நிழலில்லாத பாறையில், துரத்தித் துரத்தி. ரிஸ்பாள் என்ற பெயரின் அதே எழுத்துகள்தான் ஏசாயா 6-இல் பலிபீடத்து நெருப்புத்தழலுக்கும் வருகின்றன.

அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக இல்லை. அதற்கு முன் 3-ஆம் அதிகாரத்தில் அவள் பெயர் வந்ததும் இரண்டு ஆண்கள் அவளை வைத்துப் போட்ட அதிகாரச் சண்டையில்தான். ஆனால் இங்கே தாவீதுக்குச் செய்தி போகிறது. கொன்றுவிடக் கொடுத்த ராஜா எழுந்து யாபேஸ் கீலேயாத்துக்குப் போகிறான், நியாயாதிபதிகள் 21-இல் அழிக்கப்பட்ட அதே ஊருக்கு. பிற்பாடு அந்த ஊருக்கு ஆபத்து வந்தபோது காப்பாற்றியவன் கிபியாவின் சவுல். அந்த நன்றியில்தான் அவ்வூரார் பெலிஸ்தரிடமிருந்து சவுலின் உடலை இரவோடு இரவாக எடுத்துவந்து அடக்கம் செய்திருந்தார்கள். சவுல், அவன் மகன் யோனத்தான் எலும்புகளை அங்கிருந்து கொண்டுவந்து, தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து, பென்யமீன் தேசத்தில் அவர்கள் குடும்பக் கல்லறையில் அடக்கம் பண்ணுகிறார்கள். 14-ஆம் வசனத்தைக் கவனமாக வாசியுங்கள்: *அதற்குப் பிறகுதான்* கடவுள் தேசத்துக்காகச் செய்த விண்ணப்பத்தைக் கேட்கிறார். ஏழு பேரைக் கொன்றவுடன் அப்படி ஒரு வரி வரவில்லை. ஒரு தாயின் காவலுக்குப் பிறகு, அடக்கத்துக்குப் பிறகு வருகிறது. பலியைக் கேட்ட கடவுள் என்று அந்த அதிகாரத்தைப் படித்துப் பயந்தவர்களுக்கு இந்த வரிசையைத்தான் காட்டுவேன். முதல் கிபியாவில் ஒரு பெண்ணின் உடலுக்கு யாரும் காவல் இல்லை, இரண்டாம் கிபியாவில் ஒரு பெண் காவலுக்கு உட்கார்ந்து ராஜாவையே அசைக்கிறாள். நான் மீட்பு என்று சொல்வது இதை. இறந்தவர்கள் யாரும் எழுந்து வரவில்லை. ஆனாலும் அவர்கள் மனிதர்களாகத் திரும்பப் பெறப்பட்டார்கள்.

பெரும்பாலான ஆய்வாளர்கள் இந்தக் கிபியா என்று கருதுவது எருசலேமுக்கு வடக்கே சுமார் 5 கிலோமீட்டரில் உள்ள தெல் எல்-ஃபுல் என்ற குன்றை. 1922-இல் தொல்லியலாளர் ஆல்பிரைட் அங்கே அகழாய்வு செய்தார். 1960-களில் யோர்தான் மன்னர் உசேன் அதன் உச்சியில் அரண்மனை கட்டத் தொடங்கினார், 1967 போரோடு வேலை நின்று, அரைகுறையாகவே விடப்பட்டது. படத்தில் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தூண்களைவிட அடியில் இருக்கும் பாறைதான் எனக்குக் கண்ணில் படும்.

தாண்டிப் போய்விடலாமா என்று கேட்டீர்களே. வேண்டாம். தால்மூதின் மெகில்லா பகுதியில் எந்தெந்தக் கதைகளைச் சபையில் வாசிக்கலாம், மக்கள் பேசும் மொழியில் மொழிபெயர்க்கலாம் என்று ஒரு பட்டியல் வருகிறது. கிபியாவின் மறுமனையாட்டி கதை வாசிக்கவும் படும், மொழிபெயர்க்கவும் படும் என்கிறார்கள். பென்யமீன் கோத்திரத்தின் மானம் என்னாவது என்ற கேள்விக்குத்தான் அந்தப் பதில். ஊர் மானம், குடும்ப மானம் என்று எத்தனை வீடுகளில் எத்தனை விஷயங்கள் மூடப்பட்டன என்று உங்கள் குழுவில் இருக்கும் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அன்று யாரும் பேசவில்லை என்றீர்கள். அது நல்ல மௌனமாகவும் இருக்கலாம், யாரோ ஒருத்தருக்குத் தன் கதையே ஞாபகம் வந்த மௌனமாகவும் இருக்கலாம். அதனால் அடுத்த முறை முதலிலேயே இதில் என்ன வருகிறது என்று சொல்லிவிடுங்கள், எழுந்து போக விரும்புகிறவர்கள் போகலாம் என்றும் சொல்லுங்கள், கூட்டம் முடிந்தபின் தனியாகப் பேச வருகிறவர்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். வருகிறவரிடம் வசனம் சொல்ல அவசரப்படாதீர்கள், கேளுங்கள். அவருக்கு இன்னும் ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் ஜெபத்தோடு நிறுத்தாமல் பாதுகாப்பான இடத்துக்கும் சட்ட உதவிக்கும் கூடப் போங்கள். வாசிக்கும்போது 19-ஆம் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள், "எழுந்திரு, போவோம்" வந்ததும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். பிறகு வேறு விளக்கம் எதுவும் சொல்லாமல் 2 சாமுவேல் 21-ஐ எடுத்து 8 முதல் 14 வரை வாசியுங்கள். பத்தாம் வசனத்தை மட்டும் குழுவிலேயே வயதில் மூத்த அம்மாவை வாசிக்கச் சொல்லுங்கள், அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமானாலும் பரவாயில்லை.